ஆகாயத்து வெளிச்சமும் ஐம்பதாயிரம் ரூபாய்த் தண்டமும்

(மதுரையில் நடந்த பகுத்தறிவாளர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



வானத்தில் இராக் காலங்களில் தோன்றும் இன்னதென்று தெரியாத வெளிச்சங்களைப் பற்றி இன்று நாம் பேச வேண்டும் என்று இக்கூட்டத்தைக் கூட்டிய தோழர்கள் விளம்பரம் போட்டு விட்டார்கள். நாம் வான சாஸ்திரம் படித்துப் பட்டம் பெற்றதில்லை. எட்டாவது வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதித்ததும் இல்லை. தெரிந்ததெல்லாம் வாசகசாலைப் புத்தகங்களில் படித்ததும், மொட்டை மாடியில் மல்லாந்து படுத்துக் கண்ணால் பார்த்ததுமேயாகும். ஆதலால் நாம் சொல்வதில் எதையும் நாம் சொன்னோம் என்பதற்காக நம்பிவிட வேண்டியதில்லை. இங்கே சொல்லப் போகும் காரியங்களில் பெரும்பாலானவை இன்று சாயந்திரமே நீங்கள் தெருவில் நின்று சரி பார்க்கத் தக்கவை.

முதலில் இப்பேச்சுக்குக் காரணமாயிருந்த சங்கதியைச் சொல்லி விடுகிறோம். மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி ரோட்டிலிருந்து உள்ளே பிரிந்து போகும் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். அந்த ஊரில் ஒரு நாள் பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம், இருபது முப்பது விளக்குகளை நூலில் கோத்தாற்போல ஒரு வெளிச்ச வரிசை, சத்தமில்லாமல் வானத்தில் ஊர்ந்து போயிருக்கிறது. களத்து மேட்டில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் ஆதிசேஷன் என்றார். ஒருவர் தேர் என்றார். ஒருவர் சண்டை வந்துவிட்டது, ஏவுகணை போகிறது என்றார். மறுநாள் காலையில் அந்த ஊர்ச் சாமியாடி ஒருவர் வேப்பிலையும் கையுமாக வந்து, "ஊருக்குள் தீட்டு நுழைந்திருக்கிறது, அதைக் காட்டத்தான் ஆத்தாள் விளக்கு வரிசை விட்டாள்" என்று சொல்லிவிட்டார்.

அந்தத் தீட்டு என்ன என்பது எல்லோருக்கும் உடனே தெரிந்திருந்தது. ஒரு மாதத்துக்கு முன்பு அந்த ஊர்ப் பையன் ஒருவன் வேறு சாதிப் பெண் ஒருத்தியை மதுரையில் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டு, தாய் தகப்பன் சம்மதத்தோடு சொந்த வீட்டிலேயே வந்து குடியிருக்கிறான். மாலை மாற்றிச் செய்துகொள்ளும் இந்தத் திருமணம் செல்லும் என்று 1967இல் இந்த நாட்டில் சட்டமே செய்தாகி விட்டது. ஆனால் சட்டத்துக்கு வேப்பிலை கிடையாது அல்லவா? ஊர்க் கூட்டம் போட்டார்கள். ஐம்பதாயிரம் ரூபாய் தண்டம், இரண்டு கிடா, பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியது என்று பேசினார்கள். ஒரு மாத காலம் முணுமுணுத்துக் கொண்டிருந்தவர்களுக்கு வானமே சாட்சி சொல்ல வந்துவிட்டதாக ஒரு தைரியம் உண்டாகி விட்டது.

பையன் நம்மிடம் வந்து சொன்னபோது நாம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு? எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு?" என்பதுதான். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டில் மனைவி அழுதுகொண்டிருக்கிறாள், இவர் மணி கேட்கிறாரே என்று. ஆனால் அந்த மணியில்தான் விஷயம் இருந்தது. ஏழு மணிக்குச் சில நிமிஷம், வடமேற்கிலிருந்து தென்கிழக்கு என்றான். நம்முடன் வந்த பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் செல்போனைத் தட்டி, அமெரிக்கக் கம்பெனியான ஸ்பேஸ்எக்ஸ் சில நாட்களுக்கு முன்பு ஏற்றிவிட்ட ஸ்டார்லிங்க் செயற்கைக் கோள்களின் வரிசை அது என்றும், நாளைக்கும் மறுநாளும் இந்த மணிக்கு இந்தப் பக்கமாகத் திரும்பி வரும் என்றும் கணக்குக் காட்டினார். இந்த வகைக் கோள்களை 2019 மே மாதத்தில் முதன் முதலாக ஒரே ராக்கெட்டில் 60 வீதம் ஏற்றினார்கள். ஏற்றின சில நாட்களுக்கு அவை ஒன்றன்பின் ஒன்றாக, கீழாகவே போகும். பிறகு மேலேறிப் பிரிந்துவிடும். அப்புறம் கண்ணுக்குச் சரியாய்த் தெரிவதில்லை.

நாலு பேராகப் போய் ஊரார் முன் நின்று, "உங்கள் ஆத்தாள் விட்ட விளக்கு நாளைச் சாயந்திரம் மறுபடியும் வரும், வந்து பாருங்கள்" என்று சொல்லி விட்டு வந்தோம். மறுநாள் என்ன ஆயிற்று என்றால் மேகம் மூடிக்கொண்டது. ஒரு நட்சத்திரம் கூடத் தெரியவில்லை. ஒரு பெரியவர், "என்ன அய்யா, உங்கள் வெளிச்சம் இன்றைக்கு லீவா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நமக்கும் சிரிப்புத்தான் வந்தது, ஆனால் பையன் முகத்தைப் பார்த்தபோது அடங்கிவிட்டது.

அதற்கடுத்த நாள் வானம் திறந்திருந்தது. ஏழு மணி நாலாவது நிமிஷத்துக்கு வரும் என்று சொல்லி வைத்திருந்தோம். அந்த நிமிஷமே நாகமலைப் பக்கத்து வானத்தில், முந்தியதைவிடக் கொஞ்சம் மங்கலாக வரிசை ஏறி வந்தது. தலைக்கு மேலே வந்து, கிழக்கே இறங்குகையில், முதல் விளக்கு அணைந்தது. அதே இடத்துக்கு வந்து இரண்டாவது அணைந்தது. மூன்றாவது அணைந்தது. அப்படியே ஒன்றுவிடாமல், யாரோ ஒரு வாசலில் நின்று ஊதி ஊதி அணைப்பதுபோல, எல்லாம் அதே இடத்தில் அணைந்து போயின. சின்னப் பிள்ளைகள் எண்ணிக் கொண்டே கத்தினார்கள். ஒரு கிழவி மட்டும் நம்மருகில் வந்து, "இதைச் செய்தவன் யார்?" என்று கேட்டாள். அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலையில் சம்பளத்துக்கு வேலை செய்கிற ஆட்கள் செய்தது என்றோம். "அவர்கள் என்ன சாதி?" என்றாள். அவள் கேலியாய்க் கேட்டாளா உண்மையாய்க் கேட்டாளா என்பது இன்றுவரை நமக்கு விளங்கவில்லை. ஆனால் கூட்டத்தில் பலபேர் தலையைக் குனிந்து கொண்டார்கள்.

நிற்க. ஏன் அந்த இடத்தில் அணைந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இந்த ஒரு சங்கதி தெரிந்துவிட்டால் ஆகாயத்து வெளிச்சங்களில் முக்கால்வாசி மர்மம் போய்விடும்.

செயற்கைக் கோளுக்குச் சொந்த விளக்குக் கிடையாது. சூரிய வெளிச்சம் பட்டுத்தான் மினுங்குகிறது. சாயந்திரம் ஒத்தக்கடையில் நின்று பாருங்கள். கீழே வயலும் ரோடும் இருட்டின பிறகும் யானைமலை உச்சியில் கொஞ்ச நேரம் வெயில் நிற்கும். ஊருக்குள் மாசி வீதியில் விளக்குப் போட்டான பிறகும் தெற்குக் கோபுரத்துக் கலசம் கொஞ்சம் மினுங்கும். (கோபுரத்தை உதாரணம் சொல்லுகிறாரே என்று தோழர்கள் சிரிக்க வேண்டாம். உயரமாக ஒன்று இருந்தால் அது வெயிலை அளக்க உதவும். கட்டினவன் எதற்குக் கட்டினான் என்பது வேறு சங்கதி.) நூற்றைம்பது அடி உயரத்துக்கே இப்படியென்றால் நானூறு கிலோ மீட்டர் உயரத்துக்கு எப்படி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பூமியின் அரை விட்டம் 6,378 கிலோ மீட்டர். அந்தக் கணக்கின்படி, நமது தலைக்கு நேர் மேலே 400 கிலோ மீட்டரில் போகிற பொருளுக்கு, நமக்குச் சூரியன் மறைந்து ஏறக்குறைய 80 நிமிஷம் வரையில் வெயில் உண்டு. அதற்குப் பிறகு அதுவும் பூமியின் நிழலுக்குள் போய்விடுகிறது. நிழல் கிழக்கேயிருந்து எழும்பி வருவதால், சாயந்திரத்தில் கிழக்கு நோக்கிப் போகிறவை நடுவானத்திலேயே திடீரென்று அணைகின்றன. விடியற்காலையில் இதுவே திருப்பி நடக்கும். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு நட்சத்திரம் முளைத்து நடக்க ஆரம்பிக்கும். நடு நிசியில், நமது மதுரை மாதிரி பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர்களில், தாழப் போகிற கோள் எதுவும் தெரியாது. நடு ராத்திரியில் கண்டேன் என்று யாராவது சொன்னால் வேறு ஏதோ ஒன்றைத் தேட வேண்டும்.

சிவப்பும் பச்சையுமாக விட்டுவிட்டு மினுங்கினால் ஆகாய விமானம். அரை விநாடியில் கீறிவிட்டு மறைந்தால் எரிகல். நகராமல் நின்று சுடர்விட்டால் பெரும்பாலும் வெள்ளி அல்லது வியாழன். ஒரே சீராய், சத்தமில்லாமல், நாலைந்து நிமிஷத்தில் வானத்தைக் கடந்து போனால் செயற்கைக் கோள். அது சில விநாடிக்கு ஒரு தரம் பளிச்சிட்டு மங்கினால், வேலை முடிந்து கரணம் போட்டுக் கொண்டிருக்கும் ராக்கெட்டின் காலி உடம்பாக இருக்கலாம். 1957 அக்டோபர் 4ந் தேதி ரஷ்யர்கள் முதல் ஸ்புட்னிக்கை விட்டபோது உலக முழுவதும் ஜனங்கள் அண்ணாந்து பார்த்து ஸ்புட்னிக்கைக் கண்டோம் என்று கொண்டாடினார்களே, அவர்களில் அநேகர் கண்டது அந்தக் காலி ராக்கெட்டைத்தான். ஸ்புட்னிக் 58 சென்டி மீட்டர் உருண்டை. அது வெறுங் கண்ணுக்குத் தெரிவது அரிது.

பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கே போகும், அல்லது வடக்கு தெற்காகப் போகும். கிழக்கேயிருந்து மேற்கே நேராகப் போவது மிகவும் அபூர்வம். ஏனெனில் பூமி கிழக்கு நோக்கிச் சுழலுகிறது. அதன் வேகத்தையும் சேர்த்து வாங்கிக் கொள்ளவே எல்லா தேசத்தாரும் கிழக்கே விடுகிறார்கள். இஸ்ரேல் தேசத்தார் மட்டும் தங்கள் வேவுக் கோள்களைக் கடல் பக்கமாக மேற்கே விடுகிறார்கள். கிழக்கே விட்டால் பக்கத்து நாடுகளின் தலைமேல் பறக்க வேண்டியிருக்கும். ஆகவே ஒரு வெளிச்சம் போகிற திசையைக் கொண்டே அது எந்த வீட்டுப் பிள்ளை என்று ஓரளவு சொல்லிவிடலாம். இதற்கு என்ன யோக்கியதை வேண்டும்? ஒரு சரியான கடிகாரமும் ஒரு நோட்டுப் புத்தகமும், சில நட்சத்திரங்களின் பரிச்சயமும் போதும்.

நட்சத்திரம் என்றதும் ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. நமது நாட்டில் ஒருவனுக்குப் பெண் பார்க்க வேண்டுமானால் நட்சத்திரம், வீடு கட்ட நட்சத்திரம், பிள்ளைக்குப் பெயர் வைக்க நட்சத்திரம். பத்துப் பொருத்தமும் அதை வைத்தே. ஆனால், "எனக்குத் திருவாதிரை" என்று சொல்லுகிற ஆளைத் தை மாதத்து ராத்திரியில் வெளியே இழுத்து வந்து, "எங்கேயப்பா உன் திருவாதிரை, காட்டு" என்றால் திருதிருவென்று விழிக்கிறான். பொருத்தம் பார்த்துக் கொடுத்த சோதிடரைக் கேட்டால் அவரும் பஞ்சாங்கத்தைத்தான் புரட்டுகிறார், தலையைத் தூக்குவதில்லை. வேட்டைக்காரன் வடிவ நட்சத்திரக் கூட்டத்தின் தோளில் சிவப்பாயிருப்பதுதான் திருவாதிரை. அதற்கு மேற்கே கொஞ்சம் தள்ளிச் செம்மஞ்சளாய்த் தெரிவது ரோகிணி. அதற்கும் அப்பால் குவியலாக இருப்பது கார்த்திகை. இவைகளைக் கலியாணத்துக்கு உபயோகிப்பதை விட்டுவிட்டு மைல்கல்லாக உபயோகிக்க வேண்டும் என்பதே நாம் சொல்வது. "ஏழு மணி பன்னிரண்டு நிமிஷம் இருபது விநாடிக்கு, ரோகிணிக்கும் திருவாதிரைக்கும் நடுவில், ரோகிணியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் கடந்தது" என்று எழுதினால் அது ஒரு விஞ்ஞானக் குறிப்பு. இப்படி இரண்டு மூன்று குறிப்பு, சில ராத்திரிகளுக்குச் சேர்ந்தால், அந்தப் பொருளின் பாதையையே கணக்கிட்டு விடலாம். அதே திருவாதிரையை வைத்து ஒரு பெண்ணுக்கு மாங்கல்யம் நிலைக்காது என்று எழுதினால் அது ஒரு அக்கிரமம்.

அந்தப் பாதைக் கணக்கிலும் நமது சோதிடர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. ராகு, கேது என்று இரண்டு பாம்புகளை நவக்கிரகத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்களே, அவை கிரகமும் அல்ல, பாம்பும் அல்ல. சந்திரன் போகும் பாதை, சூரியன் போவதாகத் தோன்றும் பாதையை வெட்டுகிற இரண்டு இடங்களுக்கு அப்படிப் பெயர். அந்த இடங்கள் மெதுவாக நகர்ந்து 18 வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஒரு சுற்றுச் சுற்றுகின்றன. அதனால்தான் ஒன்றரை வருஷத்துக்கு ஒரு பெயர்ச்சி என்று சொல்லி அர்ச்சனைச் சீட்டு விற்கிறார்கள். ஆனால் செயற்கைக் கோள் எதுவாயிருந்தாலும் அதன் பாதையும் பூமத்திய ரேகையின் தளத்தை இரண்டு இடத்தில் வெட்டியே தீரும். ஆக ஒவ்வொரு கோளுக்கும் ஒரு ராகுவும் ஒரு கேதுவும் உண்டு. சர்வதேச விண்வெளி நிலையத்தின் ராகு நாளைக்கு ஏறக்குறைய ஐந்து பாகை நகருகிறது. ஒரு ராசிக்கு முப்பது பாகை என்றால் ஆறு நாளைக்கு ஒரு பெயர்ச்சி! இன்று வேலை செய்துகொண்டிருக்கும் செயற்கைக் கோள்கள் பத்தாயிரத்துக்கு மேல். இத்தனை ராகுவுக்கும் உளுந்து படைக்க இந்த நாட்டில் விளைச்சல் போதுமா என்று சோதிடர்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி, இன்னதென்று தெரியாதவற்றைக் கண்டுபிடித்தவர்கள் கதைக்கு வருவோம். செயற்கைக் கோள்களின் பாதைகளை அமெரிக்க ராணுவத்தார் பட்டியலாக வெளியிடுகிறார்கள். ஆனால் தங்கள் வேவுக் கோள்களின் பாதையை மட்டும் அதில் போடுவதில்லை. ஒளிக்கிறவர்கள் எங்கே ஒளிக்கிறார்கள்? கோடிக்கணக்கான ஜனங்களின் தலைக்கு மேலே, சூரியன் வெளிச்சம் அடிக்கும் இடத்தில்! ஆகவே கனடாவிலும், ஹாலந்திலும், தென் ஆப்பிரிக்காவிலும் உள்ள சிலர், சம்பளமில்லாமல், பைனாகுலரும் ஸ்டாப் வாட்ச்சும் வைத்துக் கொண்டு ராத்திரி ராத்திரியாகக் குறித்து, ஒருவருக்கொருவர் அனுப்பி, விட்டுப்போன பெயர்களைத் தாங்களே பட்டியலில் சேர்த்து வருகிறார்கள். 2010 ஏப்ரலில் அமெரிக்க விமானப் படையார் எக்ஸ்-37பி என்ற ஆளில்லாத விண்வெளி விமானத்தை ஏற்றிவிட்டு, அது போகும் பாதையைச் சொல்ல மாட்டோம் என்றார்கள். மறு மாதமே இந்தக் கூட்டத்தார் அதைக் கண்டுபிடித்துச் சொல்லி விட்டார்கள்.

இதைவிட நமக்குப் பிடித்த கதை, இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற ஊரின் பள்ளிக்கூடத்துக் கதை. ஜெஃப்ரி பெர்ரி என்ற பௌதிக வாத்தியார் தமது மாணவர்களை வைத்துக்கொண்டு, சாதாரணமான ஒரு ரேடியோப் பெட்டியில் ரஷ்யக் கோள்களின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு நேரம் குறித்து வந்தார். 1966இல் சில கோள்கள் வழக்கமான இடத்திலிருந்து ஏறினதாகக் கணக்கு ஒத்துவரவில்லை. பாதைகளைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தார்கள். அவை வடக்கே பிளெசெட்ஸ்க் என்ற ஊர்ப் பக்கத்தில் கூடின. அங்கே ஒரு ரகசிய ராக்கெட் தளம் இருக்கிறது என்று அந்த வருஷமே உலகத்துக்கு அறிவித்தார்கள். சோவியத் அரசாங்கமோ 1983 வரையில் அதை வாய்விட்டு ஒப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் சொன்னதைப் பெரிய வல்லரசு ஒன்று மென்று விழுங்கிக் கொண்டிருந்தது. நமது பள்ளிக்கூடங்களிலும் ஆயுத பூசைக்கு ரேடியோப் பெட்டிக்குச் சந்தனம் பூசுகிறோம். அதைத் திருப்பிக் கேட்டவர் எத்தனை பேர்?

தொலைந்த பொருளைக் கண்டெடுத்ததும் உண்டு. 2000த்தில் அமெரிக்காவின் நாசா ஏற்றிய இமேஜ் என்ற கோள் 2005 டிசம்பரில் பேச்சை நிறுத்திவிட்டது. செத்துப் போயிற்று என்று கணக்கை மூடி விட்டார்கள். 2018 ஜனவரியில் கனடாவின் மேற்குக் கோடியில் ஸ்காட் டில்லி என்பவர், வேறு ஒரு ரகசியக் கோளைத் தேடித் தன் வீட்டு ஆன்டெனாவில் கேட்டுக் கொண்டிருந்தபோது, செத்ததாகச் சொன்ன அது பேசிக் கொண்டிருப்பதைக் கேட்டு நாசாவுக்கு எழுதினார். அவர்கள் சோதித்துப் பார்த்து உண்மைதான் என்றார்கள். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், நாசாவிலுள்ள பெரிய மனிதர்கள், "நீ யார் சொல்ல, உன் குலமென்ன, பட்டமென்ன?" என்று கேட்கவில்லை. அலைவரிசை என்ன, நேரமென்ன என்று கேட்டார்கள்.

நமது அரசாங்கத்தின் காரியத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வெளியூர்க்காரனைப் பற்றித்தான் பேசுவான் என்பார்கள். 2019 மார்ச் 27ந் தேதி, இந்தியா தானே இரண்டு மாதத்துக்கு முன் ஏற்றிய மைக்ரோசாட்-ஆர் என்ற கோளை, ஏறக்குறைய 300 கிலோ மீட்டர் உயரத்தில் ஏவுகணையால் அடித்து நொறுக்கிற்று. தேர்தல் சமயம். பிரதம மந்திரியே டெலிவிஷனில் தோன்றி அறிவித்தார். தாழ அடித்ததால் துண்டு துணுக்குகள் 45 நாட்களுக்குள் விழுந்து எரிந்துவிடும் என்று ராணுவ ஆராய்ச்சி இலாகாவின் தலைவர் சொன்னார். ஹாலந்தில் லைடன் ஊரிலிருந்த மார்கோ லாங்புரூக் என்பவர், படித்துப் பட்டம் பெற்றது பழங் கற்காலத்துத் தொல்பொருள், ஆனால் ராத்திரியில் பார்ப்பது வேவுக் கோள். அவர், நமது இலாகாவே வெளியிட்ட படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கணக்குப் போட்டு, ஏவுகணை கொஞ்சம் கீழேயிருந்து மேல் நோக்கித் தாக்கியிருக்கிறது, ஆகவே துண்டுகள் மேலே எறியப்பட்டிருக்கின்றன என்று எழுதினார். பெரும்பாலான துண்டுகள் சீக்கிரம் விழுந்தன என்பது வாஸ்தவம். ஆனால் சில துண்டுகள் ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேலேயும் எட்டின. 45 நாள் போய் ஒரு வருஷமான பிறகும் சில சுற்றிக் கொண்டிருந்தன. அந்தச் சமயத்தில் இதைச் சொன்னவனைத் தேசத் துரோகி என்று சொல்ல நமது ஊரிலும் ஆள் இருந்தார்கள். துண்டுக்குத் தேசபக்தி தெரியுமா?

விழுகிற துண்டுகளும் வேடிக்கையான காரியமல்ல. 2022 ஏப்ரல் 2ந் தேதி ராத்திரி மகாராஷ்டிரத்தில் சந்திரபூர் ஜில்லாவில் வானத்தில் நெருப்புக் கோடுகள் ஓடின. ஒரு கிராமத்தில் மூன்று மீட்டர் அகலமுள்ள உலோக வளையமே வந்து விழுந்தது. அது ஒரு சீன ராக்கெட்டின் மூன்றாவது அடுக்கு என்று, பாதைப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் சீக்கிரமே சொல்லி விட்டார்கள். 1979இல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளிக் கூடம் விழப் போகிறது என்று நமது தேசத்திலும் பல ஊர்களில் ஜனங்கள் நடுங்கினதாக நமது தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஜூலை 11ந் தேதி அது மேற்கு ஆஸ்திரேலியாவில் விழுந்தது. அங்கே எஸ்பெரன்ஸ் என்ற ஊர் நிர்வாகத்தார், எங்கள் ஊரில் குப்பை போட்டாய் என்று அமெரிக்காவுக்கு 400 டாலர் அபராதம் போட்டார்கள். வானத்திலிருந்து வந்ததற்கு அபராதம் யார் மேல் போடுவது என்பது அந்த ஊராருக்குத் தெரிந்திருந்தது.

நமது நாட்டிலும் கண்ணைக் கொண்டு பார்த்தவர்கள் இல்லாமற் போகவில்லை. சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவர், பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தும், 1867இல் தென் வானத்தில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டு சொன்னார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பற்றி ஜனங்களுக்கு விளங்கும்படி புத்தகம் எழுதினார். பழைய பஞ்சாங்கக் கணக்கு வானத்தோடு ஒத்து வரவில்லை, பார்த்துத் திருத்துங்கள் என்றும் வாதாடினார். நமக்கு இவரிடத்தில் மரியாதை உண்டு. அவருடைய சொந்தக்காரர்களும் தொழில்காரர்களும் அவர் பேச்சை எவ்வளவு கேட்டார்கள் என்பதற்கு இன்றைக்கு இரண்டு விதப் பஞ்சாங்கம் விற்பதே சாட்சி. நமக்குப் பக்கத்தில் கொடைக்கானல் மலையில் 1899இல் நிலையம் அமைத்து, நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். ஆனால் மலையிலிருந்து மதுரைக்கு இறங்கினால் சூரிய தோஷத்துக்கு மோதிரம் விற்கிறது.

பிறரைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. மேலூர்ப் பக்கத்தில் ஒரு தெருக் கூட்டத்தில், மேற்கே பெரிதாக மின்னிய ஒன்றைக் காட்டி, அதுதான் சர்வதேச விண்வெளி நிலையம், அதில் மனிதர்கள் இருக்கிறார்கள், மணிக்கு 27,000 கிலோ மீட்டருக்கு மேல் வேகம் என்று நாம் முழக்கமிட்டோம். கைதட்டினார்கள். ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண் எழுந்து, "அய்யா, நீங்கள் பேச ஆரம்பித்ததிலிருந்து அது அந்தத் தென்னை மட்டையைவிட்டு நகரவில்லையே" என்று கேட்டாள். பார்த்தோம். அது வெள்ளிக் கிரகம். நமக்கு நாக்கு ஒட்டிக் கொண்டது. அந்தப் பெண் சொன்னதுதான் சரி, நாம் சொன்னது தப்பு என்று மேடையிலேயே சொன்னோம். சொல்லுவதற்கு இரண்டு நிமிஷம் பிடித்தது என்பதையும் ஒப்புக் கொள்ளுகிறோம். சாமியாடி, பார்க்காமல் சொன்னார். அன்று நாமும் பார்க்காமல்தான் சொன்னோம். அதிலிருந்து நாம் எதையும் ஐந்து நிமிஷம் நின்று பார்க்காமல் பெயர் சொல்லுவதில்லை.

மறுபடி அந்தக் கிராமத்துக்கு வருவோம். வரிசை வந்து அணைந்த பிறகு, வானத்து விளக்கைப் பற்றிய பேச்சு ஊரில் நின்றுவிட்டது. சாமியாடி வெளியூருக்குக் குறி சொல்லப் போய்விட்டார். ஆனால் தண்டம் நிற்கவில்லை. "விளக்குக்காக இல்லை, ஊரைக் கேட்காமல் கலியாணம் செய்ததற்காக" என்று காரணத்தை மாற்றிக் கொண்டார்கள். நாம் இதை எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். செயற்கைக் கோளைக் காட்டினால் சாதி ஓடிவிடும் என்று நினைக்கிற அளவுக்கு நாம் வெகுளியல்ல. ஆயினும் முன்பு கடவுளுடைய கட்டளையாக இருந்தது, இப்போது நாலு ஆட்களுடைய கட்டளையாகி விட்டது. ஆட்கள் மேல் மனுக் கொடுக்கலாம். பையனும் பெண்ணும் ஒரு ரூபாய் கூடக் கட்டவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாமும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். டீக்கடையில் அவர்களோடு இன்னும் சிலர் பேசுவதில்லை. அந்தக் கிழவி பேசுகிறாள்.

தை முதல் சித்திரை வரையில் நமது பக்கத்து வானம் பெரும்பாலும் தெளிவாயிருக்கும். ஆகையால் வரும் சனிக்கிழமை தொடங்கி, வாரம் ஒரு நாள், பொழுது சாய்ந்து ஒன்றரை மணி நேரம் அந்த ஊரிலேயே, அந்தப் பையன் வீட்டுக் களத்தில் உட்கார்ந்து பார்ப்பது என்று தோழர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறினால் ரோட்டு முனையில் ஆள் நிற்கும். வருகிறவர்கள் கடிகாரத்தைச் சரியாக வைத்துக் கொண்டு, நோட்டும் பென்சிலும் கொண்டுவர வேண்டியது. டார்ச் லைட் கொண்டு வருகிறவர்கள் கண் கூசாமலிருக்கச் சிவப்புக் காகிதம் சுற்றிக் கொண்டு வரவும். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் வானத்தில் ஏறக்குறைய பத்துப் பாகை. அளவுகோல் அதுவே போதும். தரையில் விரிக்க ஒரு சாக்கு இருந்தால் நல்லது. பலகாரம் அந்தப் பெண் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள். சாப்பிட மனமுள்ளவர்கள் மட்டும் வந்தால் போதும்.